வெள்ளைத் தண்ணீர்

கொகொதா
ஏப்ரல் 12, 2015

அன்புள்ள அண்ணிக்கு,

செர்ரிப் பூ இங்கே நேற்று பெய்த மழையில் பாதி கொட்டிவிட்டது. உங்கள் ஷின்ஜோவில் இன்னும் கூரைப் பனியே சரிந்திருக்காது. முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது அந்தச் சத்தம் இன்னும் வருகிறதா?

ஃபோன் செய்யலாம்தான். ஆனால் ஃபோன் கூடத்தில் இருக்கிறது, அம்மாவும் கூடத்தில் இருக்கிறார். எண்பத்தாறு வயதில் மற்றதெல்லாம் தேய்ந்தாலும் காது மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் கடிதம்.

"அக்காவோட ஊறுகாய்க் கடையில ஆள் இல்ல, கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்" என்று நவம்பரில் ஒரு பெட்டியோடு போனீர்கள். நானும் செந்தாயில் இருந்த என் அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவுக்குத் துணையாக இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐம்பத்தேழு வயதில் மறுபடி அம்மா வீட்டுப் பெண் ஆகிவிட்டேன். காலையில் எழுந்ததும் "தலையை வாரு" என்கிறார்.

குடும்பக் கல்லறை அண்ணன் பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற மார்ச்சில் நகராட்சிக்கு இரண்டு மூன்று தடவை அலைந்தேன். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்டோபரில் நாருகோ வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம், மறந்துவிடாதீர்கள். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து விட்டதில்லை. போன வருஷம் மட்டும் அண்ணன் இறந்த முதலாண்டுச் சடங்கு வேலையில் விட்டுப்போயிற்று. இப்போது இன்னும் வசதி. உங்கள் பக்கத்து ரயில் கிழக்கே வரும், எங்கள் ரயில் மேற்கே வரும், நாருகோ நடுவில் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். காற்று இன்னும் குளிரும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

தொகியெ


ஷின்ஜோ
மே 20

அன்புள்ள தொகியெவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மன்னித்துக்கொள். இங்கே மலைக்கீரைக் காலம். விடிந்தால் கூடை கூடையாக வருகிறது. அக்கா வேகவைக்கிறாள், நான் உப்பிடுகிறேன். கை முழுக்கப் பச்சை ஏறிப்போய்விட்டது.

முழங்கால் பரவாயில்லை. உன் இரத்த அழுத்தம் எப்படி? உங்கள் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாரா?

வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். மாலையில் கடையைச் சாத்திவிட்டு வரப்பு ஓரமாக நடந்தால், மலை தலைகீழாகக் காலடியில் கிடக்கிறது. அதை மிதித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன். வேறு எந்த யோசனையும் வருவதில்லை. எனக்கு இப்போது அது போதுமாக இருக்கிறது.

அக்டோபர் தூரத்தில் இருக்கிறது. பார்ப்போம்.

மிசாவோ


கொகொதா
ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது, நாங்கள் அதற்குள் குனிந்து குனிந்து நடக்கிறோம். உங்கள் ஊறுகாய் ஜாடிகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கட்டும்.

ஒரு சண்டை. "உங்கள் அம்மா" என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வருஷம் "அத்தை"யாக இருந்தவர் மே மாதத்தில் எனக்கு மட்டும் அம்மா ஆகிவிட்டாரா? அவ்வளவு பெரிய சொத்தை நான் ஒருத்தி எப்படித் தாங்குவேன்!

இன்னொன்று. உறையின் பின்னால் "மிசாவோ" என்று மட்டும் இருக்கிறது. குடும்பப் பெயரைக் காணோம். மை தீர்ந்துவிட்டதா? அம்மாதான் தபாலை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

இறந்தவர்கள் வீடு வரும் ஓபோன் பண்டிகைக்கு வருவீர்கள் அல்லவா? அண்ணன் அந்த மூன்று நாள்தான் வீட்டுக்கு வருவான். நீங்கள் இல்லாவிட்டால் வாசலிலேயே நின்று "மிசாவோ எங்கே?" என்று கேட்பான்.

ஈரத்தில் நிற்காதீர்கள்.

தொகியெ


ஷின்ஜோ
ஆகஸ்ட் 10

அன்புள்ள தொகியெவுக்கு,

கடும் வெயில். நலமா?

ஓபோனுக்கு வர முடியாது. கடையில் வேலை அதிகம். நீயே பார்த்துக்கொள். அவருக்குப் பிடித்த பிளம் ஊறுகாய் ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன். படையலில் வைத்துவிடு.

வெள்ளரி, கத்தரி, வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, சோயா சாஸ் ஊற்றி ஊறவைத்துச் சோற்றின் மேல் போட்டுச் சாப்பிடு. இந்த வெயிலுக்கு அது மட்டும்தான் உள்ளே இறங்கும்.

மிசாவோ


கொகொதா
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளரி, கத்தரி சாப்பிட்டோம். அம்மா இரண்டாம் தடவை கேட்டார். யார் சொன்ன பக்குவம் என்று நான் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கல்லறைக்குப் போனேன். எனக்கு முன்னால் யாரோ வந்து போயிருக்கிறார்கள். கல் கழுவி ஈரமாக இருந்தது. நீல மலைப்பூ ஒரு கட்டு. எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பூ வராது. ஊதுபத்தி முழுக்க எரிந்து, சாம்பல் இன்னும் விழாமல் வளைந்து நின்றது. முதல் ரயிலைப் பிடித்து வந்தால்தான் அந்த நேரத்துக்கு இங்கே இருக்க முடியும்.

நான் அந்தச் சாம்பல் விழும்வரை உட்கார்ந்திருந்தேன். சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. வந்தவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் பார்லித் தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

உங்கள் உடம்பு நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொகியெ


ஷின்ஜோ
செப்டம்பர் 25

அன்புள்ள தொகியெவுக்கு,

காலையில் மூச்சு வெண்மையாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. உனக்கு இந்தப் பருவத்தில் வரும் இருமல் வராமல் இருக்கட்டும்.

நாருகோ இந்த வருஷம் வேண்டாம். உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. உன்னோடு வெந்நீரில் உட்கார எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இதற்குமேல் கேட்காதே.

மிசாவோ


(தபால் அட்டை)
கொகொதா
அக்டோபர் 9

அண்ணி, இருமல் இல்லை. இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பகல்நேர முதியோர் நிலையத்தில் விடுகிறேன். பத்தரைக்கு நாருகோ பிளாட்பாரத்தில் இருப்பேன். நாலு மணி ரயில்வரை இருப்பேன். இரண்டு துண்டு கொண்டுவருகிறேன். தொகியெ.


ஷின்ஜோ
அக்டோபர் 27

தொகியெ,

வீடு வந்து ஒரு வாரம் ஆகிறது. கைத்துண்டில் இன்னும் கந்தக வாசனை இருக்கிறது. துவைக்க மனம் வரவில்லை.

நீ அங்கே கேட்டதற்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. எழுதினால் முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ரயில். நின்றதும் சன்னல் வழியே உன்னைப் பார்த்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூவைக் கழற்றி, உள்ளே போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாய். எங்கள் பக்கத்து ரயில்களில் பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும் என்பது உனக்குத் தெரியுமே. என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. இப்படியே கொகொதாவரை போய்விட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் நீ ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து வெளியிலிருந்து அழுத்தினாய். "இறங்குங்க அண்ணி, குளிர் உள்ள போகுது, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். இறங்கிவிட்டேன்.

அப்புறம் அந்தக் குளியல் கூடம். மரக்குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம், ஆவி. அந்த வெள்ளைத் தண்ணீரில் கழுத்துக்குக் கீழே யாருக்கும் உடம்பே இல்லை. தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினால் நான் எந்த வயதில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கல்யாணமான வருஷம் முதல் முறையாக நீ என்னை அங்கே கூட்டிப்போனபோதும் அதே மூலையில்தான் உட்கார்ந்தோம். உனக்கு அப்போது இருபத்து மூன்று. "பல் டாக்டர்கிட்ட போறோம்னு சொல்லிட்டேன், பல் வலிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்குங்க" என்று வழி முழுக்கச் சிரித்தாய்.

நான் அந்த நினைப்பில் இருந்தபோதுதான் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"மார்ச்லயே பாத்துட்டேன் அண்ணி."

"எதை?"

"கல்லறைப் பேர் மாத்தறதுக்கு அண்ணனோட குடும்பப் பதிவேட்டு நகல் வாங்கினேன். அதுல உங்க பேருக்குக் கீழ ஒரு வரி. கணவர் வீட்டாரோட உறவு முடிஞ்சதுன்னு. தேதியும் போட்டிருந்தது. நீங்க பெட்டியோட போனீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

எதிரே இருந்த அம்மாள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். நீ, "இல்லீங்க, இப்ப சொந்தமே இல்ல" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

பிறகு சாப்பாட்டுக் கடையில் சேப்பங்கிழங்குக் குழம்பு வந்தது. நீ என்னைப் பார்க்காமல், "பன்றிக்கறி போட்டு மிசோ விழுது கரைச்சா அது குழம்பு. உங்க ஊர்ல மாட்டுக்கறியில சோயா சாஸ் ஊத்திக் குடிக்கறது வேற என்னமோ" என்றாய். வருஷா வருஷம் நீ சொல்வதுதான். நான் வருஷா வருஷம் திருப்பிச் சொல்வது இந்த வருஷம் வாயில் வரவில்லை. கடைசிக் கிழங்கை என் கிண்ணத்தில் போட்டாய். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாய். அதற்குள் ரயில் நேரமாகிவிட்டது.

சொல்கிறேன். உங்கள் அம்மா என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. காலையில் நான் வைத்த மிசோ சூப்பை ஒரு வாய் குடிப்பார். கிண்ணத்தைக் கீழே வைப்பார். கெட்டிலை எடுத்து அதில் வெந்நீர் ஊற்றுவார். பிறகு குடிப்பார். முப்பத்து நான்கு வருஷம், ஒவ்வொரு காலையும். நான் உப்பைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் அது வெறும் தண்ணீராகவே இருந்தது. அதற்கும் ஊற்றினார்.

உன் அண்ணன் இருந்தபோது அவர் மேஜைக்கு அடியில் என் காலை மெல்ல மிதிப்பார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. முதலாண்டுச் சடங்கு முடிந்த மறுநாள் உங்கள் அம்மா, "உனக்கும் அந்தக் கல்லுக்குக் கீழ எம்பக்கத்துல இடம் இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெந்நீர் ஊற்றினார். மேஜைக்கு அடியில் கால் இல்லை. நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன்.

கணவரை இழந்தவள் அவர் வீட்டாரோடு உள்ள உறவைச் சட்டப்படி முடித்துக்கொள்ள ஒரு படிவம், ஒரு முத்திரை போதும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே படியில் இறங்கும்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உன்னை மட்டும் விட்டுவைக்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை, தொகியெ. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நின்றேன். என்னவென்று கேட்பது?

உன் அறையை நீ காலி செய்ய வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அதனால்தான் சொல்லவில்லை.

பழைய குடும்பப் பெயருக்கு மாறிவிட்டேன்.

ஹொஷிகாவா மிசாவோ


கொகொதா
நவம்பர் 29

மிசாவோ அக்கா,

(அண்ணி என்று எழுதிவிட்டு இரண்டு தாளைக் கிழித்தேன். இனி இப்படித்தான். பழகிக்கொள்ளுங்கள்.)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. போனதற்கு இல்லை. சொல்லியிருந்தால் பெட்டியை நானே ஸ்டேஷன்வரை தூக்கி வந்திருப்பேன். செந்தாயில் என் அறைச் சன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த மரத்துக்காக ஒரு வாரம் அழுதேன். அதை உங்களிடம் சொல்லி அழுதிருக்கலாம். அந்தக் கோபம்தான். இப்போது எழுதிவிட்டேன், போய்விட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

அம்மா இப்போது என் சூப்புக்கும் வெந்நீர் ஊற்றுகிறார். நேற்று நான் கெட்டிலை ஒளித்துவைத்தேன். எழுந்து போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சீமைப்பனிச்சைப் பழம் உரித்துக்கொண்டிருந்தோம், காயவைப்பதற்கு. உங்கள் பதிவேட்டு விஷயத்தை அப்போது சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் மூடிவைப்பது? அம்மாவின் கத்தி நிற்கவில்லை. தோல் ஒரே நீளமாக மடியில் இறங்கிக்கொண்டே இருந்தது.

"உன்கிட்ட சொல்லிட்டுப் போனாளா?" என்றார்.

"இல்லம்மா."

"எங்கிட்டயும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் எதைத்தான் எங்கிட்ட சொன்னீங்க? வருஷா வருஷம் அக்டோபர்ல மட்டும் அவளுக்குப் பல் வலி வரும். நீ செந்தாயிலேருந்து துணைக்கு வருவ. சாயங்காலம் ரெண்டு பேரும் கன்னம் சிவந்து வருவீங்க. துண்டுல கந்தக நாத்தம். எந்தப் பல் டாக்டர் வீட்ல அழுகின முட்டை வாடை அடிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த பழத்தை எடுத்தார்.

"ஒரு தடவையாவது, 'நீங்களும் வர்றீங்களா'ன்னு கேட்டிருக்கலாம். வரலன்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கல."

அக்கா, இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிகிறதா? முப்பத்து மூன்று அக்டோபர். ஒரு தடவைகூட நமக்கு அது தோன்றவே இல்லை.

பழங்கள் இப்போது கயிற்றில் தொங்குகின்றன. வெயில் படும்போது வீடே ஆரஞ்சு நிறமாகிறது. அதில் பத்து உங்களுக்கு என்று அம்மா தனியே கட்டியிருக்கிறார். உங்களுக்கு என்று சொல்லவில்லை. "ஷின்ஜோவுக்கு" என்றார்.

தொகியெ


ஷின்ஜோ
பிப்ரவரி 21, 2016

தொகியெ,

பழம் வந்தது. நன்றி. பனி ஓர் ஆள் உயரம். முழங்கால் வலிக்கிறது. உனக்குத் தபால் வராத மூன்று மாதத்தில் நான் நான்கு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன்.

முதலாவதில் கோபம். முப்பத்து நான்கு வருஷம் என் சூப்பில் வெந்நீர் ஊற்றியவருக்கு இப்போது அழைப்பு வேண்டுமா என்று கேட்டிருந்தேன். இரண்டாவதில் அழுகை. மற்ற இரண்டும் ஞாபகம் இல்லை. பனி விழும்போது இங்கே எல்லாச் சத்தமும் நின்றுவிடுகிறது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. நாம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு குசுகுசுவென்று சிரிக்கும் சத்தம். உள்ளே கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். காது நன்றாகக் கேட்கும் என்று நீதானே எழுதினாய்.

நான் அவரை மன்னிக்கவில்லை. அந்தக் கல்லுக்குக் கீழே போகவும் மாட்டேன். மருமகளாக வரமாட்டேன். ஆனால் குளியல் கூடத்து வாசலில் யாரும் குடும்பப் பதிவேட்டைக் காட்டச் சொல்வதில்லை.

ஏப்ரலில் பாதை திறந்ததும் அவரை நாருகோவுக்குக் கூட்டி வா. அவரிடம் கேள். வரவில்லை என்றால் விட்டுவிடு. இந்தத் தடவை பல் டாக்டர் வேண்டாம்.

மிசாவோ


ஷின்ஜோ
ஏப்ரல் 20

தொகியெ,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அவருக்கு மயக்கம், அசதி ஏதும் இல்லையே?

நீ அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி உடை மாற்றும் அறைக்குப் போனாயே, அந்தக் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான் எதிர் மூலையில் இருந்தேன். கூட்டம் இல்லை. உயரத்தில் இருந்த சன்னல் வழியே வெளிச்சம் விழுந்து ஆவியெல்லாம் பால் மாதிரி இருந்தது. அவர் தலை மட்டும் வெள்ளைத் தண்ணீரின் மேல் இருந்தது. எவ்வளவு சின்னத் தலை! அது மெல்ல என் பக்கம் திரும்பியது.

"எந்த ஊருங்க?" என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் குளிப்பவரிடம் கேட்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. "ஷின்ஜோ" என்றேன்.

"அங்க பனி ஜாஸ்தியாமே?"

"ஆமாங்க. இந்த வருஷம் ஆள் உயரம்."

"தனியாவா இருக்கீங்க?"

"அக்காவோட. ஊறுகாய்க் கடை வச்சிருக்கோம்."

"கூடப் பொறந்தவங்களோட இருக்கறது நல்லது." கொஞ்சம் யோசித்தார். "தண்ணி நல்லா இருக்கு இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"நான் இப்பதான் முதல் தடவை வர்றேன்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. அந்த மனுஷியோடு இவ்வளவு இதமாக நான் பேசியதே இல்லை.

சாப்பிடும்போதும் என்னை "நீங்க" என்றே கூப்பிட்டதைக் கவனித்தாயா? கஷ்கொட்டை வைத்த அரிசி உருண்டையை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்குங்க, எனக்கு இது பல்லுல ஒட்டும்" என்றார்.

அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டதா? நீ ஏன் எனக்கு எழுதவில்லை? டாக்டரிடம் காட்டினாயா? எதையும் மறைக்காமல் எழுது.

மிசாவோ


கொகொதா
ஏப்ரல் 24

மிசாவோ அக்கா,

எல்லோரும் நலம். அம்மா அன்று இரவு எட்டு மணிக்குப் படுத்தவர் காலை ஏழு வரை அசையவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. செர்ரிப் பூ இந்த வருஷம் மழைக்குத் தப்பிவிட்டது.

டாக்டரிடம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவுக்குப் போன வாரம் முட்டை என்ன விலை, பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வந்தார், நான் எத்தனாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன், எல்லாம் தெரியும்.

திரும்பி வரும்போது அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்தார். முகம் சிவந்து, தலைமுடி காயாமல், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை மாதிரி இருந்தார். ஃபுருகாவா ஸ்டேஷன் தாண்டும்வரை நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். வயல்களில் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தார்கள், வெளிச்சம் பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"மிசாவோ ரொம்ப இளைச்சுப் போயிட்டா. அந்த அக்காக்காரி சரியா சமைச்சுப் போடறதில்ல போல."

தொகியெ